இரவல் மீசை

இல்லைங்க அக்கா, அந்த மீசை அவனோடது இல்லை.

நீங்க தப்பா எதுவும் சொல்லலை. ஜன்னல் வழியா நிழற்குடையில இருக்கற படத்தைப் பார்த்துட்டு, "பட்டாளத்துப் பையன் எத்தனை லட்சணமா இருக்கறான், மீசையே தனி அம்சம்"ன்னு உங்க பாட்டுக்குச் சொன்னீங்க. எங்க ஸ்டாப்புல பஸ் நிக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் அதைச் சொல்லிடறாங்க. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். இன்னைக்கு நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து சொல்லிட்டீங்க, அதனால கேட்டுத்தான் ஆகணும். ஒத்தக்கால் மண்டபத்துலதானே இறங்கறீங்க? போதும். நான் சுருக்கமாப் பேசற ஆள். யாரும் நம்பறதில்லை, ஆனா அதுதான் உண்மை.

அவன் பேர் லோகேந்திர தாபா. நேபாளத்துப் பையன். கைக்குழந்தையா அம்மா இடுப்புல உட்கார்ந்து பொள்ளாச்சிக்கு வந்தவன். அவங்கப்பா கேசர் பகதூர் தாபா, எங்க வீதிக்கு ராத்திரிக் காவல். விசில் ஊதிக்கிட்டு, தடியால கரண்ட் கம்பத்தைத் தட்டிக்கிட்டுப் போவார். இத்தனை வருஷமா எங்க வீதியில அவருக்குப் பேரே கிடையாது அக்கா. கூர்க்கான்னுதான் சொல்லுவாங்க. ஒரு மனுஷனோட பேர் என்னன்னு கேக்கணும்னுகூட ஒருத்தருக்கும் தோணலை. எனக்கு அதெல்லாம் ஆகவே ஆகாது. நான் ஒருநாளும் அவரை அப்படி மொட்டையாக் கூப்பிட்டதில்லை. கூர்க்கா அங்கிள்னுதான் கூப்பிடுவேன்.

பையனை லோகுன்னு கூப்பிடுவோம். போன வருஷம் கார்கில் சண்டையில செத்துப்போனான். வீரமரணம்னு சொல்லணுமாம். சொல்றேன், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனா செத்துப்போனான்.

அவனுக்கு மீசை கிடையாதுங்க. எடுத்துட்டான்னு அர்த்தம் இல்லை, முளைக்கவே இல்லை. புதுசா வாங்கின எவர்சில்வர் சொம்பு மாதிரி வழுவழுன்னு ஒரு முகம். வட்டமா, சின்னக் கண்ணோட, எப்பப் பார்த்தாலும் இப்பத்தான் தூங்கி எந்திரிச்சவன் மாதிரி. அந்த முகத்துல கொண்டுபோய் அப்படி ஒரு மீசையை ஒட்டி வெச்சிருக்காங்க. இதைத்தான் நான் எதிர்த்தேன். எதிர்த்ததுக்கு எங்க வீதியில எனக்கு வெச்ச பேர் என்ன தெரியுமா? மீசைக்காரி.

எனக்கும் அவனுக்கும் என்ன உறவுன்னு கேக்கறீங்க. எல்லாரும் கேக்கறாங்க. ஒரு பொண்ணு ஒரு விஷயத்துக்காகக் குரல் கொடுத்தா உடனே உறவு என்னன்னு கேக்கறாங்க. கொள்கைன்னு ஒண்ணு இருக்குங்க. நான் எம்.ஏ. சமூகவியல் படிக்கறேன். காலேஜ்ல மூணு வருஷமும் பேச்சுப்போட்டியில முதல் பரிசு. அவனை நண்பன்னு சொல்ல முடியாது. எதிர்க்கட்சின்னு வேணா சொல்லலாம்.

ஸ்கூல்ல எனக்கு ஒரு வகுப்பு மேல அவன். சாயங்காலம் ஆனா எங்க வீட்டு கேட்டுக்கு வந்துடுவான். உள்ளே வரமாட்டான். கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெளியே நிப்பான், நான் உள்ளே நிப்பேன். எதையாவது ஒண்ணை எடுத்து வாதாட ஆரம்பிப்போம். பொண்ணுங்க பட்டாளத்துல சேரலாமா கூடாதா. மாட்டுக்குப் புண்ணாக்கு நல்லதா பருத்திக்கொட்டை நல்லதா. எங்க வீட்டுலயும் மாடு கிடையாது, அவங்க வீட்டுலயும் மாடு கிடையாது. இருந்தாலும் பேசுவோம். நான் எந்தப் பக்கம் எடுத்தாலும் அவன் அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் எடுப்பான். ஒருதடவை சோதிச்சுப் பார்க்கறதுக்காக நான் பாதியில பக்கம் மாறினேன். அவனும் மாறிட்டான். கொள்கையே இல்லாதவன்.

கடைசியில காலை ஒட்டி நின்னு ஒரு சல்யூட் அடிச்சு, "தோத்துட்டேனுங்க வக்கீலம்மா"ம்பான். ஒருதடவைகூட அவன் ஜெயிச்சதில்லை. வாதத்துக்கு வர்றவன் ஒரு தயாரிப்போட வரணும் இல்லைங்களா? ஆதாரம் வேணும், அடுக்கணும். இவன் வெறும் கையோட வருவான். வந்து நின்னு பேசறவ முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா எப்படி ஜெயிக்க முடியும்?

பன்னிரண்டாவது முடிச்சு பட்டாளத்துல சேர்ந்தான். கூர்க்கா ரெஜிமென்ட். அங்கே போனா, இவன் பேசற நேபாளியைக் கேட்டு எல்லாரும் சிரிச்சிருக்காங்க. நேபாளியில கூட இவன் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டிருக்கான். அங்கே இவனுக்குப் பேர் மதராசி. "இங்கே கூர்க்கா பையன், அங்கே மதராசி. நடுவுல ரெண்டு நாள் ரயில்ல போறப்போதான் வக்கீலம்மா நான் யாரோ ஒருத்தனா நிம்மதியாப் போறேன்"ன்னு சொல்லிச் சிரிச்சான். அதுல சிரிக்க என்ன இருக்குன்னு நான் அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டுட்டு, தோத்துட்டேனுங்கன்னான்.

லீவுல வந்தா பஸ் ஸ்டாண்டுல இருந்து அவங்க வீடு நேர்வழி. எங்க வீடு அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஒரு இரும்புப் பெட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு முதல்ல எங்க கேட்டுக்குத்தான் வருவான். பட்டாளத்துல அப்படிச் சுத்தி நடக்க வெச்சுப் பழக்கிடறாங்கபோல.

சேதி வந்த அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். காலையில நல்லாத்தான் இருந்தேன். நாச்சிமுத்து மாமா வந்து எங்கப்பாகிட்ட வாசல்ல நின்னு சொன்னார், மத்தியானம் எனக்குக் காய்ச்சல். ஒரு வாரம் எந்திரிக்க முடியலை. ஆனி மாசம் பாருங்க, புதுத் தண்ணி வந்தா எனக்கு ஒத்துக்காது. டாக்டர் தண்ணியைக் காரணமாச் சொல்லலை, அவருக்கு அனுபவம் போதாது.

உடம்பு இங்கே வரலை அக்கா. அதுதான் பெரிய கொடுமை. பட்டாளத்துல சேரும்போது சொந்த ஊர் எதுன்னு கேட்டதுக்கு, அங்கிள் பக்கத்துல நின்னு தன்னோட ஊரைச் சொல்லியிருக்கார். மரியாதைக்குச் சொன்னதுதான். பெட்டி நேரா அங்கே போயிருச்சு. லோகு நினைவு தெரிஞ்சு பார்த்தே இராத மலைமேல ஒரு ஊர். அங்கிளும் ஆன்ட்டியும் ரயில் மாறி, பஸ் மாறி, மலை ஏறிப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. பெத்த அம்மாவே அவன் முகத்தைப் பார்க்கலை. எங்க வீதியில ஒருத்தரும் பார்க்கலை.

அதனாலதான் படத்திறப்பு வைக்கலாம்னு எங்க வீதி விழாக்குழு முடிவு பண்ணுச்சு. நல்ல முடிவு, நான் ஒத்துக்கறேன். பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குள்ள நிரந்தரமா ஒரு பெரிய படம். போறவங்க வர்றவங்க எல்லாரும் அவன் முகத்தைப் பார்க்கணும். அவன் முகத்தை. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க.

விழாக்குழுத் தலைவர் நாச்சிமுத்து மாமா. கொப்பரை வியாபாரி. மனுஷன் தங்கம், ஆனா மீசை வளர்த்திருக்கார். சாதாரண மீசை இல்லைங்க. ரெண்டு முனையும் தேள் கொடுக்கு மாதிரி மேல நிமிர்ந்து நிக்கும். காலையில அவர் குளிக்கறதுக்கு ஆகற நேரத்தை விட அதுக்கு எண்ணெய் போடற நேரம் அதிகம்னு அவர் வீட்டு அத்தையே சொல்லுவாங்க. படம் வரையற வேலையை கனகராசு அண்ணன்கிட்டக் கொடுத்தாங்க. அவர் சினிமா பேனர் வரையறவர். லோகுவோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வெச்சு, கட்டம் கட்டமாப் போட்டுப் பெருசாக்கி, தகரத்துல வரையணும்.

ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி வர்றப்போ அவரோட கொட்டகைக்குள்ள எட்டிப் பார்த்தேன். வரைஞ்சு சாத்தி வெச்சிருந்தார்.

"அண்ணா, இது யாரு?"

"நம்ம லோகுதான் அம்மிணி. அச்சு அசலா இல்லை?"

"மீசை எங்கிருந்து வந்தது?"

"பட்டாளத்துக்காரனுக்கு எங்கிருந்தாச்சும் வரத்தானே வேணும் அம்மிணி."

நான் போட்டோவைக் கையில எடுத்துக் காட்டினேன். இதுல மீசை இருக்கான்னு கேட்டேன். அவர் பிரஷ்ஷைத் துடைச்சுக்கிட்டே, "மூக்கு வரைக்கும் போட்டோல இருக்கறபடிதான் வந்தேன். மூக்குக்குக் கீழ வந்ததும் கை தன்னால திரும்பிருச்சு. முப்பது வருசக் கை, நாஞ்சொன்னாக் கேக்குமா?"ன்னார்.

"அழிச்சிட்டு மறுபடி வரைங்க."

"மீசையில்லாமயும் ஒண்ணு வரைஞ்சு பார்த்தேன் அம்மிணி. தொப்பி போட்ட பேங்க் மேனேஜர் மாதிரி இருந்தான். என்ற கையால மீசையில்லாம வரைஞ்சதுன்னா கதாநாயகி, இல்லாட்டிக் கொழந்தை. சண்டையில செத்தவனை நான் எந்தக் கணக்குல சேர்க்கறது?"

படத்துக்குப் பக்கத்துல போய் உத்துப் பார்த்தேன். அந்த வளைவு, அந்த முறுக்கு, நுனியில அந்த நிமிர்வு. எங்கேயோ பார்த்த மீசை. அப்புறம் புரிஞ்சது. நாச்சிமுத்து மாமாவோட மீசை அது. அப்படியே எடுத்து வெச்சிருக்கார். கண்ணையும் பெருசாக்கி, ஓரத்துல செவப்பு வேற. கீழே கொட்டை எழுத்துல 'மண்ணின் மைந்தன் லோகேந்திரன்'.

நேரா கொப்பரைக் களத்துக்குப் போனேன். விழாக்குழு முழுக்க அங்கே சாக்குமேல உட்கார்ந்திருந்தது. நான் நின்னுக்கிட்டேதான் பேசினேன், நின்னாத்தான் எனக்கு நல்லா வரும்.

"மாமா, ஒருத்தன் முகத்தை அழிச்சிட்டு அதுக்கு மாலை போட்டா அது அஞ்சலி இல்லை. அடையாள அழிப்பு."

விழாக்குழு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிச்சு. வெல்லம் காய்ச்சற எங்க சித்தப்பா ஒருத்தர், "அழிக்கலையே அம்மிணி, சேர்த்துத்தானே இருக்குது"ன்னார்.

நாச்சிமுத்து மாமா கையைக் காட்டி அவரை அடக்கினார். "இங்க பாரு வாணி. பஸ்ஸுல நாலு ஊர்க்காரன் போறான். படத்தைப் பார்த்தா இது யாரோ, எந்தத் தேசமோன்னு நெனைச்சுறக் கூடாது. நம்ம பையன்னு நெனைக்கோணும். அதுக்குத்தான்."

"நம்ம பையன்னா அவன் மூஞ்சியோட நம்ம பையன் மாமா. நம்ம மூஞ்சியை மாட்டிக்கிட்டாத்தான் நம்ம பையனா?"

அக்கா, அப்ப ஒரு அமைதி விழுந்தது பாருங்க. பேச்சுப்போட்டியில அந்த மாதிரி அமைதி வந்தா கப் நமக்குன்னு அர்த்தம். ஆனா நாச்சிமுத்து மாமா மீசையைத் தடவிக்கிட்டே கேட்டார்: "என்னைய என்னன்னு கூப்பிடறே?"

"மாமான்னு."

"இந்தா, வெல்லக்காரனை?"

"சித்தப்பான்னு."

"லோகு அப்பனை?"

"அங்கிள்னு."

"அதென்ன அம்மிணி, வீதி முழுக்க மாமன், சித்தப்பன். அந்த மனுசன் மட்டும் அங்கிளு? இதுக்கு என்ன பேரு சொன்னே, அடையாள அழிப்பா?"

அது வேற விஷயம்னு சொன்னேன். மரியாதைக்குக் கூப்பிடறதுன்னு சொன்னேன். "அப்ப எங்களுக்கு மரியாதை இல்லையாக்கும்"ன்னு சித்தப்பா நடுவுல நுழைஞ்சார். எதிர்த்தரப்பு விஷயத்தைத் திசை திருப்பினா அதைச் சுட்டிக்காட்டிட்டு மேல போயிடணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. சுட்டிக்காட்டிட்டு மேல போனேன். பேர்ல ஜெயிச்சேன் அக்கா, 'லோகேந்திர தாபா'ன்னு மாத்த வெச்சேன். கண்ணோரச் செவப்பையும் எடுக்கச் சம்மதிச்சாங்க. மீசைன்னு வந்ததும் மாமா முகம் இறுகிப்போச்சு.

"அது என்ற மீசை. தெரிஞ்சுதானே கேக்கறே? கனகு கேட்டான், எந்த மீசை வைக்கட்டும்னு. என்றதையே வையின்னேன். என்ற மகனுக்கே இன்னும் நான் அதை விட்டுத்தரலை. எனக்கு வெசனம் இல்லாமயா குடுத்தேன்?"

நான் அதுக்கும் பதில் வெச்சிருந்தேன். ஆனா அவர் கண்ணு கலங்கிடுச்சு. கண்ணீரை ஆதாரமா ஏத்துக்க முடியாது, ஆனா எதிர்த்தும் பேச முடியாது. அதுதான் அதுல இருக்கற மோசடி.

மறுநாள் உண்ணாவிரதம் ஆரம்பிச்சேன். கனகராசு அண்ணன் கொட்டகை வாசல்ல, நானும் ஒரு அட்டையும். அட்டையில 'முகத்தைத் திருப்பிக் கொடு'ன்னு எழுதியிருந்தேன். போறவங்க எல்லாம் நான் கனகராசு அண்ணன்கிட்ட என் படம் வரையக் கொடுத்து அவர் கெடுத்துட்டார்னு நெனைச்சு அவரைத் திட்டிட்டுப் போனாங்க. நாள் பார்க்காம ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சது என் தப்பு. பக்கத்து வீடு எங்க அத்தை வீடு. பதினொரு மணிக்குக் கோழிக்குழம்பு கொதிக்க ஆரம்பிச்சது. போராட்டத்தை வேற வடிவத்துக்கு எடுத்துட்டுப் போகலாம்னு மத்தியானம் முடிவு பண்ணினேன்.

ஆனா பலன் இருந்தது. கனகராசு அண்ணன் இறங்கி வந்தார். "அம்மிணி, நீயும் விடமாட்டே, நாச்சிமுத்தண்ணனும் விடமாட்டாரு. நான் ஒண்ணு சொல்றேன். பெத்தவ சொல்லட்டும். லோகு அம்மா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா, டர்பன்டைன் துணியால ஒரே துடைப்பு. நாச்சிமுத்தண்ணனும் அந்தம்மா பேச்சைத் தட்டமாட்டாரு."

நியாயமான தீர்ப்பு. நான் ஜெயிச்சாச்சுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. எந்த அம்மா தன் பையன் மூஞ்சியில இன்னொருத்தர் மீசையை ஒத்துக்குவா?

அதுக்கு முன்னாடி நான் அவங்க வீட்டுக்குப் போகலைங்க. சேதி வந்ததுக்கு அப்புறம் போகவே இல்லை. போகக் கூடாதுன்னு இல்லை. முதல்ல காய்ச்சல், அப்புறம் பரீட்சை, அப்புறம் இந்த மீசை விவகாரம். அவங்களுக்காகத்தானே அலைஞ்சுக்கிட்டிருந்தேன், அவங்களைப் பார்க்க நேரம் ஏது.

ஆன்ட்டி பேர் சந்திரகலா. ஒரு மெஸ்ஸுல சமையல் வேலை. நான் போனப்போ வாசல்ல உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும், "வா கண்ணு. சாப்பிட்டயா? காச்சல்னாங்களே, தேவலையா?"ன்னு கேட்டாங்க. அவங்க என்னைக் கேட்டாங்க பாருங்க. எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. உடனே விஷயத்துக்கு வந்துட்டேன்.

முழுசாப் பேசினேன் அக்கா. அவங்க கீரையை உருவிக்கிட்டே கேட்டாங்க. நடுவுல என் கையிலயும் ரெண்டு கொத்துக் கொடுத்தாங்க, நானும் உருவிக்கிட்டே பேசினேன். இந்த ஊர் உங்களை இத்தனை வருஷமா எப்படி நடத்துச்சுன்னு சொன்னேன். உங்க பையன் முகத்தை மறைக்கறதுக்கு இவங்க யாருன்னு கேட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு முடிச்சேன். என் வாழ்க்கையிலயே நல்லாப் பேசினது அதுதான். கேக்கறதுக்கு ஒருத்தர்தான் இருந்தாங்க.

ஆன்ட்டி சிரிச்சாங்க.

"கனகு முந்தாநாளே கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரு கண்ணு. பார்த்ததும் சிரிச்சுட்டேன். அவன் போனதுல இருந்து அன்னைக்குத்தான் சிரிச்சேன். பாவம் கனகு, நான் அழுவேன்னு ஒரு சொம்புத் தண்ணி எல்லாம் எடுத்து வெச்சிருந்தாரு. மீசை வேணுமா வேண்டாமான்னு அவரும் கேக்கலை, நானும் சொல்லலை."

"ஏன் சிரிச்சீங்க?"

"அவன் அதுக்குத்தானே கண்ணு உசுரை உட்டான். மீசைக்கு."

எனக்குப் புரியலை. அப்புறம் அவங்க சொன்னாங்க. பத்தாவது படிக்கும்போது இருந்து தினமும் மேல் உதட்டுல விளக்கெண்ணெய் தடவிக்கிட்டுத்தான் படுப்பானாம். தலையணை உறை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. சலூன்காரர் யாரோ, வழிச்சா வளரும்னு சொல்லி, இல்லாத மீசையை வாரம் ஒருதடவை வழிச்சுக்கிட்டு வருவானாம். வெங்காயச் சாறு போட்டு ஒருதடவை உதடே வீங்கிப்போச்சாம். அந்த வாரம் அவன் எங்க கேட்டுக்கு வந்தான், எனக்கு ஞாபகம் இருக்கு. குளவி கொட்டிருச்சுன்னான். குளவிக் கொட்டுக்குச் சுண்ணாம்பு நல்லதா மஞ்சள் நல்லதான்னு நாங்க அன்னைக்குப் பேசினோம். கடைசி லீவுல வந்தப்போ, ஏழெட்டு முடி வந்திருந்ததாம். கண்ணாடி முன்னாடி நின்னு, அம்மா பாரு பாருன்னு கூப்பிட்டுக் காட்டியிருக்கான். அவங்களுக்குத் தெரியவே இல்லையாம், ஆமாம்னு சொல்லி வெச்சாங்களாம்.

"எதுக்கு இப்படி?"ன்னு கேட்டேன். எனக்கு நெஜமாவே கோபம். "அவன் முகத்துக்கு என்ன குறை?"

ஆன்ட்டி கீரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "ஒரு பொண்ணுகிட்ட ஒரு விசயம் கேக்கோணும்மா, மீசை மொளைச்சதும் கேக்கறேம்பான். மொளைக்காமக் கேட்டா சிரிச்சுப்புடுவா, அவ வாயில உளுந்தா எந்திரிக்க முடியாதும்பான்."

எந்தப் பொண்ணுன்னு நான் கேக்கலை. பிறத்தியார் சொந்த விஷயத்துல தலையிடறது எனக்குப் பிடிக்காது. ஆனா வாதத்தை விட முடியலை. ஏன்னா அவன் சொன்னது அடிப்படையிலயே தப்பு. அதனால சொன்னேன், "ஆன்ட்டி, இது இந்த ஊர் ஆம்பளைங்க கட்டி விட்ட கதை. பொண்ணுங்க மீசையெல்லாம் பார்க்கறதே இல்லை. உதாரணத்துக்கு என்னையே எடுத்துக்குங்க. அவனை எத்தனை வருஷமாப் பார்க்கறேன். அவனுக்கு மீசை இல்லைங்கறதே இந்தப் படத்தைப் பார்த்த அப்புறம்தான் எனக்கு உறைச்சது. அந்த முகம் அப்படியே இருக்கறதுதான் எனக்குப் பிடிக்கும். அதுல ஒரு முடி கூடினாலும் எனக்குப் பிடிக்காது."

ஆன்ட்டி கை நின்னு போச்சு. என்னையே பார்த்தாங்க. ரொம்ப மெதுவாக் கேட்டாங்க.

"இதை அவன்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?"

நான் கீரையை உருவினேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா இலையைக் கீழே போட்டுட்டுக் காம்பையெல்லாம் முறத்துல சேர்த்து வெச்சிருக்கேன். அவங்க எல்லாத்தையும் கொட்டி, மறுபடி முதல்ல இருந்து பொறுக்க ஆரம்பிச்சாங்க. "மீசை இருக்கட்டும் கண்ணு, ஆசைப்பட்டான். நம்ம நாச்சிமுத்து அண்ணன்து மாதிரி வேணும்னுதான் சின்ன வயசுல இருந்து சொல்லுவான்"ன்னாங்க.

சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். கனகராசு அண்ணன் டர்பன்டைன் பாட்டிலும் துணியுமா நின்னுக்கிட்டிருந்தார். நாச்சிமுத்து மாமா துக்க வீட்டுல உட்கார்ற மாதிரி ஸ்டூல்ல உட்கார்ந்து தன் மீசையைப் பிடிச்சுக்கிட்டிருந்தார். என்ன சொன்னாங்கன்னு ரெண்டு பேரும் கேக்கலை, என் முகத்தைப் பார்த்தாங்க.

"இடதுபக்க நுனி கொஞ்சம் கம்மியா இருக்குது"ன்னேன். "வலதுபக்கம் மாதிரியே தூக்கி விடுங்க."

மாமா ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சுட்டார். நான் திரும்பிப் பார்க்காம வந்துட்டேன். ஒரு விவாதத்துல பக்கம் மாறினா காரணம் சொல்லணும், எனக்குச் சொல்ற நிலைமை இல்லை.

படத்திறப்பு நல்லபடியா நடந்தது. நாச்சிமுத்து மாமா பேசினார், ரொம்ப நேரம் பேசினார். ஆன்ட்டிதான் துணியை விலக்கினாங்க. கூட்டத்துல ஒரு சின்னப் பையன், "ஐ, நாச்சிமுத்துத் தாத்தா"ன்னு கத்தினான், அவனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அங்கிள் காக்கிக் கோட்டோட விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சார். அவ்வளவுதான்.

கிணத்துக்கடவு தாண்டிருச்சு, உங்க ஸ்டாப் அடுத்தாப்புல வந்துரும். பையை எடுத்து வெச்சுக்குங்க. நீங்க என்னவோ கேட்டீங்களே, சத்தத்துல சரியாக் காதுல விழலை.

அவன் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னா?

இதென்னங்க கேள்வி. கேக்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்றது? அவன்தான் கேக்கவே இல்லையே. எத்தனையோ சாயங்காலம் நின்னான், புண்ணாக்கு வரைக்கும் கேட்டான், அதை மட்டும் கேக்கலை.

சரி. கேட்டிருந்தான்னே வெச்சுக்குவோம். முதல்ல மறுத்திருப்பேன். அதுல சந்தேகமே வேண்டாம். ஜாதி, மதம், தேசம், எங்கப்பா, உன் வேலை, என் படிப்புன்னு ஒண்ணு ஒண்ணா அடுக்கியிருப்பேன். இருட்டற வரைக்கும் விட்டிருக்க மாட்டேன். அவன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பேசாமக் கேட்டிருப்பான். எல்லாத்தையும் கேட்டுட்டு, வழக்கம்போலக் காலை ஒட்டி நின்னு, தோத்துட்டேனுங்கன்னு சல்யூட்டுக்குக் கையைத் தூக்கியிருப்பான்.

இறங்குங்க அக்கா, ஸ்டாப் வந்துருச்சு. பார்த்து, படி உயரம்.

அந்தக் கையை நான் இறக்கச் சொல்லியிருப்பேன்.